கோழி கால்நடையில் சேருமா?

என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. ஐம்பத்தொரு வயது வரைக்கும் அதற்கான தேவையும் வரவில்லை. ஆனாலும் ஊரடங்கு சமயத்தில் ஒருமுறை வெளிநாடு போய் வந்தேன். அந்த நாட்டின் பெயர் கர்நாடகம். சாதாரண நாட்களில் ஓசூர்க்காரர்கள் காலையில் கம்பெனி பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போய், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார்கள். எனக்கு அனுமதி வாங்கிப் போய்வர ஐந்து நாள் ஆனது.

எங்கள் கோழிப்பண்ணை பர்கூருக்கு அந்தப் பக்கம், ஒரு கல்குவாரியின் முதுகில் இருக்கிறது. அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். ஒரு பொருளைக் கையில் வாங்கியதும் அதில் என்ன குறை என்று பார்க்கிற கெட்ட பழக்கம் அங்கே தொற்றிக்கொண்டது. வேலையை விட்டதும் நானும் என் கணவர் அருளப்பனும் ஆறாயிரம் முட்டைக்கோழிகளை வாங்கி வைத்தோம். தீவனத்தை நாங்களே அரைத்துக் கலந்துகொள்வோம். அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அது கௌரிபிதனூர் பக்கத்து வியாபாரி ஒருவரிடமிருந்து மாதம் ஒரு லாரி வரும்.

ஊரடங்கு அறிவித்ததும் லாரி நின்றது. நெடுஞ்சாலை காலியாகிவிட, பண்ணையிலிருந்து கேட்டால் குவாரிக் குருவிகளின் சத்தம்கூடக் காதில் விழுந்தது. கோழிகளுக்கு இந்த அமைதி பிடிக்கவில்லை. அளவைப் பாதியாக்கி, தவிட்டைக் கூட்டி, ரேஷன் குருணையைக் கலந்து சமாளித்தோம். புதன்கிழமை அருளப்பன் தீவன அறையைப் பெருக்கிவிட்டு வந்து, "ஸ்டெல்லா, இன்னும் நாலு நாள். அதுவும் இழுத்துப் பிடிச்சா" என்றார்.

வியாழக்கிழமை அனுமதி வாங்கக் கிளம்பினேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. நாளைக்கே மறுபடி அங்கே போய் நிற்க வேண்டியிருக்கலாம். கணினியில் மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் தள்ளுபடி ஆகியிருந்தது. வெளியே போகக் காரணம் என்ற கட்டத்தில் திருமணம், மரணம், மருத்துவம் என்று மூன்றுதான் இருந்தன. மூன்றாவது முறை நான் மரணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த எழுத்தர் என் காகிதத்தைப் பார்த்தார். "மரணம்னு போட்டிருக்கீங்க. யாரும்மா தவறிட்டாங்க?"

"இன்னும் இல்லீங்க சார். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆறாயிரம் பேரு."

அவர் முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர்தான், காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஒரு பட்டியலை எடுத்து விரலால் தடவிக்கொண்டே போனார். பால், காய்கறி, மருந்து, உணவு தானியம், கால்நடைத் தீவனம். அந்த இடத்தில் விரல் நின்றது.

"கோழி கால்நடையில வராதேம்மா. அது பறவை."

"அதுவும் காலாலதானே நடக்குது சார்?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். எழுத்தர் சிரிக்கவில்லை. இது பெரிய சிக்கல் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டார். மேலதிகாரி இன்னொருவருக்கு போன் போட்டார். கோழி கால்நடையில் சேருமா என்பதை ஓர் அரசாங்கம் முடிவு செய்ய இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். சேரும் என்று தீர்ப்பானது. கனரக வாகனம் ஒன்று, ஓட்டுநர் ஒருவர், கிளீனர் ஒருவர் என்று அனுமதிச் சீட்டு கணினியில் ஏறியது.

"கிளீனர் பேரு சொல்லுங்க."

எங்கள் லாரிக்காரரின் கிளீனர் ஊரடங்குக்கு முதல் நாளே திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓட்டுநர் தனியாகப் போக முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார். சரக்கைப் பார்த்து, ஈரம் பார்த்து வாங்கவும் ஓர் ஆள் வேண்டும். அருளப்பனுக்கு முழங்கால் மடங்காது.

"ஸ்டெல்லா மேரி" என்றேன்.

எழுத்தர் என் மூக்குக்கண்ணாடியையும் கைப்பையையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தார். வயது கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்.

ஓட்டுநர் திம்மராயப்பா பாகலூர்க்காரர். ஐம்பத்தெட்டு வயது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ், போலீஸோடு மூன்றும் கலந்து பேசுவார். வெள்ளிக்கிழமை காலை அவருடைய பத்துச் சக்கர லாரியில் ஏற எனக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. "கம்பியப் புடிச்சு, இடது காலை மொதல்ல வைங்கம்மா" என்று அவர் கீழே நின்று சொல்லிக்கொடுத்தார். மேலே உட்கார்ந்ததும் உலகம் கீழே போய்விட்டது. இத்தனை வருடம் பஸ் ஜன்னலில் பார்த்த சாலையா இது என்றிருந்தது.

எல்லைச் சாவடியில் கர்நாடகப் போலீஸ்காரர் ஒருவர் எங்களை நிறுத்தினார். அனுமதிச் சீட்டைப் படித்தார். லாரியைச் சுற்றி வந்தார். பின்பலகையில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கன்னடத்தில் நெடுநேரம் பேசினார். கையை ஆட்டினார், வானத்தைக் காட்டினார், சீட்டைத் தட்டினார். முடிந்ததும் திம்மராயண்ணா என் பக்கம் திரும்பி, "வேணாங்கறாரு" என்றார்.

"அவ்வளவு நேரம் பேசினாரே அண்ணா?"

"அதோட சாரம் அதாங்மா."

விரித்துச் சொல்லச் சொன்னேன். சொன்னார். அத்தியாவசியப் பொருள் ஏற்றிய வண்டிக்கு மட்டும்தான் வழி. எங்கள் வண்டி காலி. காலி வண்டியில் அத்தியாவசியம் என்ன இருக்கிறது? காற்றா?

"சரக்கு ஏத்தத்தானே போறோம்? போகாம எப்படி ஏத்தறது?"

திம்மராயண்ணா இதைக் கன்னடத்தில் கேட்டார். போலீஸ்காரர் நியாயமான கேள்வி என்பதுபோலத் தலையசைத்தார். பிறகு எங்களைத் திருப்பிவிட்டார். தொழிற்சாலையில் இப்படி ஒரு நடைமுறையை யாராவது எழுதியிருந்தால் அதன் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டியிருப்பேன். நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் திரும்பிக்கொண்டிருந்த எல்லா லாரிகளும் காலி லாரிகள். ஒரு மாநிலத்தின் பசியைத் தீர்க்கக் கிளம்பிய வண்டிகள், ஏற்றிக்கொள்ள எதுவும் இல்லாத குற்றத்துக்காக வரிசையாக வீடு திரும்பின.

பாகலூர் சாலையில் திரும்பியதும் திம்மராயண்ணா வண்டியை ஓரங்கட்டிவிட்டு மச்சானுக்கு போன் போட்டார். மச்சானுக்கு இரண்டு ஏக்கர் முட்டைக்கோஸ். வாங்க ஆளில்லாமல் வெடித்துக் கிடந்தது. மாடுகளை விட்டு மேய்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், "எத்தினி வேணா வெட்டிக்கோ பாவா" என்றார். அன்று பிற்பகல் முழுக்க நானும் அந்த வீட்டுப் பெண்கள் இருவரும் கோஸ் வெட்டினோம். முப்பது மூட்டை. பதினாறு டன் தாங்குகிற லாரியின் ஒரு மூலையில் அவை விருந்துக்கு வந்து கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் தூரத்து உறவினர்களைப் போலத் தெரிந்தன. ராத்திரி அந்த வீட்டிலேயே தங்கினேன். களியும் கீரைக் கடைசலும் போட்டார்கள். அருளப்பன் போனில், "இருபது கோழி போயிருக்கும். நீ கவலப்படாத" என்றார்.

சனிக்கிழமை அதே சாவடி, அதே போலீஸ்காரர். பின்பலகையில் ஏறினார், எட்டிப் பார்த்தார், கோஸைக் கண்டார். முகம் மலர்ந்தது. "தர்க்காரி!" என்று காய்கறியைக் கன்னடத்தில் வாழ்த்திவிட்டுத் தடுப்பைத் தூக்கச் சொல்லி, எனக்கு ஒரு சல்யூட்டும் வைத்தார். அனுமதிச் சீட்டில் தீவனம் என்றுதான் எழுதியிருந்தது. அதை இந்த முறை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் காட்டி ஏதோ கேட்டார். திம்மராயண்ணா பதில் சொன்னதும் இருவரும் சிரித்தார்கள்.

"என்ன கேட்டாரு?"

"இவங்களா கிளீனருன்னு கேட்டாரு."

"நீங்க?"

"படிச்ச கிளீனருன்னு சொன்னேன்."

வெளிநாடு போகிறவர்கள் அங்கே எல்லாம் வேறு மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்கு அந்த அனுபவம் வாய்க்கவில்லை. எங்கள் பக்கத்துக் களி அங்கே முத்தே என்று பெயர் மாற்றிக்கொண்டு இருந்தது. எங்கள் தக்காளி அங்கேயும் தோட்டத்திலேயே அழுகியது. எங்கள் ஊரில் மூடியிருந்த கடைகள் அங்கே கன்னட எழுத்தில் மூடியிருந்தன. ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் ஊர் போலீஸ்காரர் "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டுவிட்டு லத்தியை ஓங்குவார். அங்கே ஓங்கிய பிறகு கேட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு கிராமத்தின் வாசலில் வழி அடைபட்டிருந்தது. வேலிகாத்தான் முள்ளை மலையாகக் குவித்து, அதன்மேல் ஓர் உடைந்த கட்டிலைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஊருக்குள் அந்நியர் யாரும் வரக்கூடாது என்று அவர்களாகவே போட்டுக்கொண்ட சட்டம். அதற்கு அரசாங்கச் சீட்டு எதுவும் செல்லாது. தமிழ்நாட்டு நம்பர் பலகையைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார்கள். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.

வியாபாரியின் கிடங்கு அந்த ஊரைத் தாண்டி மூன்று மைல். சுற்றிப் போனால் அரை நாள். திம்மராயண்ணா மூன்று மொழியிலும் கெஞ்சிப் பார்த்தார். கூட்டத்தில் இருந்த ஓர் அம்மாள், கையில் அரிவாளுடன் இருந்தவர், லாரியின் பக்கவாட்டுப் பலகை இடுக்கில் பச்சையாக ஏதோ தெரிவதைக் கண்டுபிடித்தார்.

"என்ன சரக்கு?"

"கோஸு."

பதினைந்து நாளாக அந்த ஊருக்குக் காய் வண்டி வரவில்லையாம். வந்தால்தானே? அவர்களே வழியை அடைத்துவிட்டார்கள். கொள்ளும் உப்புமாகத் தின்று அலுத்திருந்தார்கள். முப்பது மூட்டையையும் இறக்கி வைத்துவிட்டு நாங்கள் ஐம்பதடி பின்வாங்கினோம். அவர்கள் வந்து மூட்டைகளின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டார்கள். கட்டில் விலகியது, முள் விலகியது. அரிவாள் அம்மாள் தூக்குச் சட்டி ஒன்றைச் சாலை நடுவில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கையைக் காட்டினார். உள்ளே சூடாகக் கொள்ளுச் சாறும் நான்கு முத்தேயும். அவற்றை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் களியும் அப்படித்தான். தொண்டையில் இறங்கியபோதுதான் காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கிடங்கில் வியாபாரி ராமப்பா தூரத்திலிருந்தே கும்பிட்டார். பத்து வருடம் போனில் பேசியவர், அன்றுதான் முதன்முதலில் முகத்தைப் பார்த்தேன். அதிலும் பாதிதான் பார்க்கக் கிடைத்தது. சுமை தூக்குகிறவர்கள் மறுநாள் காலைதான் வருவார்கள் என்றார். நான் கிடங்கின் வராந்தாவில் சாக்கு விரித்துப் படுத்தேன். போனில் அருளப்பனின் குரல் வேறாக இருந்தது.

"ஒண்ண ஒண்ணு கொத்த ஆரம்பிச்சிடுச்சு, ஸ்டெல்லா."

பசித்த கோழி அடுத்த கோழியின் இறகைப் பிடுங்கும். ரத்தம் தெரிந்தால் நிறுத்தாது. இதை நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம், பார்த்ததில்லை.

"எத்தனை போச்சு?"

"சரக்க ஏத்திட்டு வா மொதல்ல" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமான நாளிலிருந்து ஊரடங்கு வரை நான் பூசைக்குப் போகாத ஞாயிறு இல்லை. இப்போது மாதா கோயிலும் மூடியிருந்ததால் என் பெயரில் பாவம் ஏறியிருக்காது என்று நம்புகிறேன். ஏழு பேர் வந்தார்கள். வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நின்றார்கள். வெளி மாநிலத்து ஆள் பக்கத்தில் இருந்தால் மூட்டையைத் தொடமாட்டோம் என்றார்கள். ஆகவே நான் புளியமரத்தடிக்கு நாடு கடத்தப்பட்டேன். ஈரம் பார்க்க ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து ஒரு முறத்தில் போட்டு, அந்த முறத்தை ஒரு நீண்ட மூங்கிலால் என் பக்கம் தள்ளினார்கள். நான் கையால் அளைந்து, காதருகில் குலுக்கிப் பார்த்து, "இது வேணாம், அடுத்தது" என்று கத்துவேன். பூஞ்சை பிடித்த ஆறு மூட்டைகளை அப்படியே கழித்தேன். ராமப்பா, "இந்த நேரத்துலயும் விடமாட்டேங்கறீங்களே!" என்றார். குரலில் கோபமில்லை.

மத்தியானம் கிளம்பினோம். மூட்டைகளின்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்ட ஆளில்லாததால் நானே மேலே ஏறிக் கட்டியிருந்தேன். இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஓர் ஏரிக்கரை ஏற்றத்தில் வெடிச்சத்தம் கேட்டது. துப்பாக்கிதான் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். பின்சக்கரத்தில் வெளிப்பக்கத்து டயர் வெடித்திருந்தது.

"கீழ எறங்கி கல்ல வைங்கம்மா! சக்கரத்துக்குப் பின்னால! வண்டி பின்வாங்குது!"

பிரேக்கை மிதித்தபடி அவர் கத்த, நான் எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. கரையோரம் கிடந்த கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடிச் சக்கரத்தின் அடியில் தள்ளினேன். வண்டி கல்லின்மேல் லேசாக ஏறி, முனகி, நின்றது. பதினாறு டன் சோளமும் அதற்குப் பின்னால் ஏரியும். அனுமதிச் சீட்டில் கிளீனர் என்று எழுதியதற்கு அந்தக் கணத்தில்தான் நான் தகுதி பெற்றேன்.

பஞ்சர் கடை எதுவும் திறந்திருக்காது. மாற்றுச் சக்கரத்தை நாங்கள் இரண்டு பேருமே கழற்றி மாட்டினோம். அவர் ஜாக்கியை ஏற்ற, நான் ஸ்பேனர் குழாயின்மேல் ஏறி நின்று என் எடையையெல்லாம் கொடுத்தேன். "நல்ல வெயிட்டுங்மா" என்று மனமாரப் பாராட்டினார். முப்பது வருட மணவாழ்க்கையில் அதற்காக யாரும் என்னைப் பாராட்டியதில்லை. வேலை முடிய இருட்டிவிட்டது. அங்கேயே சாலையோரம் ஸ்டவ் பற்றவைத்து உப்புமா கிண்டினார். நான் லாரிக்குள் படுத்துக்கொண்டேன், அவர் வண்டிக்கு அடியில்.

திங்கட்கிழமை காலை எல்லைக்கு வந்தோம். கர்நாடகம் எங்களைச் சந்தோஷமாக வெளியே விட்டது. நோய் போகிறது என்று நினைத்திருப்பார்கள். சொந்த மாநிலத்தின் பக்கம் ஒரு பந்தல், ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அதற்குக் கீழே ஓர் அதிகாரி. நெற்றியில் துப்பாக்கி வைத்து என் காய்ச்சலைப் பார்த்தார்கள். சாதாரணம். பிறகு அதிகாரி அனுமதிச் சீட்டைப் படித்தார்.

"கால்நடைத் தீவனம்னு போட்டிருக்கு. வண்டியில என்ன இருக்கு?"

"மக்காச்சோளம் சார்."

"சோளம் தானியமாச்சே. தீவனம்னா மூட்டை மேல மாடு படம் போட்டு, கம்பெனி பேரு போட்டு வரும். இது தானியம். தானியத்துக்கு வேற பர்மிட்."

"அப்ப தானியம்னே எழுதிக்கிங்க சார்."

"எப்படிம்மா எழுதறது? தானியம்னா மனுசங்க சாப்பிடறது. நீங்க கோழிக்குன்னு சொல்றீங்களே?"

"அப்ப தீவனம்."

"தீவனம்னா மூட்டையில மாடு எங்க?"

திம்மராயண்ணா தலையில் கைவைத்து ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். அந்த அதிகாரி கெட்டவரில்லை. கண்ணெல்லாம் சிவந்து, பாதி தின்ற எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை மேசையில் மூடி வைத்திருந்தார். தணிந்த குரலில் சொன்னார்: "நான் நிலம் அளக்கற சர்வேயரும்மா. என்னக் கொண்டாந்து இங்க உக்கார வச்சி பத்தொம்பது நாளாச்சு. ரெண்டே கட்டம் குடுத்திருக்காங்க. ஒண்ணு மனுசனுக்கு, ஒண்ணு மிருகத்துக்கு. தப்பா எழுதினா விளக்கம் நான்தான் குடுக்கணும். நீங்க போயி புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. ரெண்டு நாள்ல ஆயிடும்."

ரெண்டு நாள். போன் அடித்தது. எடுத்தேன். அருளப்பன்தான். அவருக்குப் பின்னால் கொட்டகையின் இரைச்சல் கேட்டது. ஆறாயிரம் கோழிகள் பசியில் எழுப்பும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். போனை மேசைமேல் அதிகாரியின் முன்னால் ஒலிபெருக்கியில் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்குப் புரியுது. கட்டத்துக்குப் புரியாதேம்மா" என்றார்.

நான் லாரிக்குப் போனேன். தார்ப்பாயைத் தூக்கி ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து ஒரு பிடி சோளத்தை அள்ளிக்கொண்டு வந்தேன். கோழித் தீவனத்துக்கென்று காயவைத்த சோளம், கூழாங்கல்தான். அவர் மேசைக்கு முன்னால் நின்று வாயில் போட்டு மென்றேன். சத்தம் பந்தல் முழுவதும் கேட்டிருக்கும். முதல் வாய் இறங்கியது. இரண்டாவது வாயில் வலது பக்கம் ஒரு கடைவாய்ப்பல் பிளந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிறுத்தவில்லை. ஐந்து நாளாகக் கெஞ்சி, சிரித்து, பொறுத்துப் போன எல்லாவற்றையும் சேர்த்து மென்றேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினேன்.

"இப்ப சொல்லுங்க சார். மனுசங்க சாப்பிடறதா, இல்லியா?"

சர்வேயர் என் உதட்டோரம் வந்த ரத்தத்தைப் பார்த்தார். குனிந்து பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் எதையோ எழுதி முத்திரை குத்தினார். தன்னுடைய தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"கொப்புளிச்சுட்டுப் போங்கம்மா" என்றார்.

பர்கூர் போய்ச் சேரும்வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன். கட்டத்தை நிரப்பப் பல்லைக் கொடுத்தவள் என்ற பெருமை ஒரு மைல் தூரம்கூடத் தாங்கவில்லை. வலிதான் தாங்கியது.

பண்ணை வாசலில் அருளப்பன் மண்வெட்டியோடு நின்றிருந்தார். எதற்கு மண்வெட்டி என்று கேட்க நான் வாயெடுக்கும்முன் அதை வேலியோரம் சாய்த்துவிட்டு வந்து முதல் மூட்டையைத் தோளில் வாங்கினார். மடங்காத முழங்காலோடு அரவை இயந்திரம் வரைக்கும் தானே சுமந்து போனார். அரைத்த முதல் கூடையைத் தொட்டியில் நான்தான் கொட்டினேன். இரைச்சல் வரிசை வரிசையாக அடங்கி, அலகுகள் தகரத்தில் தட்டுகிற சத்தமாக மாறிக்கொண்டே போனது. ஆலங்கட்டி மழை பெய்தாற்போலிருந்தது. கூண்டுகளில் இடையிடையே காலி இடங்கள். முதுகில் இறகில்லாமல் தோல் சிவந்த கோழிகள். நான் எண்ணவில்லை. மூன்றாவது கொட்டகையில் பாதி வரிசைக்குமேல் போக முடியாமல் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை போன் வந்தது. குரலில் அவசரம் தெரிந்தது. நோயாளிகளைத் தங்கவைத்திருக்கும் மையத்திலிருந்து ஓர் அதிகாரி. தினம் ஆளுக்கொரு முட்டை கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம்.

"நீங்க கொண்டுவர வேணாம், நாங்களே ஜீப் அனுப்பறோம். ஒரு ரெண்டாயிரம் முட்டை எடுத்து வையுங்க."

"முட்டை இல்லீங்க சார்."

"கோழிப்பண்ணைதானே?"

"கோழி இருக்குது. பட்டினி கெடந்ததுல முட்டை போடறத நிறுத்திடுச்சு. மறுபடி ஆரம்பிக்க மூணு நாலு வாரம் ஆகும்."

"நாலு வாரமா? அம்மா, இது எமர்ஜென்சி. உங்களுக்கு என்ன அனுமதி வேணும்னாலும் சொல்லுங்க, பத்தே நிமிசத்துல வாங்கித் தர்றேன்."

"வாங்கிட்டு வாங்க சார். கோழிங்ககிட்ட நானே படிச்சுக் காட்டறேன்."

அவர் சிரிக்கவில்லை. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "சரி, எத்தனை கோழின்னு சரியா சொல்லுங்க. பதிவு பண்ணிக்கறேன்" என்றார்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அருளப்பனைப் பார்த்தேன். வாசற்படியில் உட்கார்ந்து, மண்வெட்டி பிடித்த கைவிரல்களின் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வியை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தலையைத் தூக்காமல் சொன்னார்.

"ஐயாயிரத்து ஐநூத்தி எண்பத்தெட்டு" என்று நான் போனில் திருப்பிச் சொன்னேன்.

"ரவுண்டா ஆறாயிரம்னு போட்டுக்கட்டுமா?"

"வேணாம் சார். சரியா எழுதுங்க."